நெல்வயலில் ஒரு பெரணி

பெரணி என்றதும் நம் நினைவில் எழுவன நீலகிரியும் கொடைக்கானலுமே. அங்குள்ள சோலைகளில் குடை விரித்தாற்போல் நிற்கும் மரப்பெரணியை நாம் வியந்து பார்க்கிறோமேயன்றி, உணவாக எண்ணுவதில்லை. பப்புவா நியூகினி மக்களோ அதன் இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கின்றனர். நியூசிலாந்தின் மாவோரியர் மரப்பெரணித் தண்டின் உட்சோற்றை மண்ணடுப்பில் நெடுநேரம் வேகவைத்து உண்டனர். அசாமியருக்கு 'டெகியா' என்னும் தரைப்பெரணி அன்றாடக் கீரை. இவற்றைக் கொண்டு தமிழர் பெரணி உண்ணாதவர் என முடிவு கட்டலாகாது. மலையே இல்லாத வில்லியனூர், பாகூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களின் நஞ்சைக்கு உரிய ஆரைக்கீரை பெரணி இனத்ததே.

அது பூப்பதில்லை, காய்ப்பதுமில்லை. பிற பெரணிகளைப் போலவே தளிர் சுருண்டு முளைத்து, நான்கு சிற்றிலைகளாக விரியும். காம்பின் அடியில் பயறு போன்ற கடினமான சிற்றுறைகள், அவற்றுள் வித்துத்துகள்கள். ஏரி வற்றினாலும் அவ்வுறைகள் சேற்றில் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நீராரை, புளியாரை, வல்லாரை என மூன்றையும் ஒரு குடும்பம்போல் தமிழ் பெயரிட்டு அழைக்கிறது. தாவரவியலில் இம்மூன்றுக்கும் உறவில்லை. ஆரக்காலோடு இச்சொல்லை இணைக்க மனம் விழைகிறது. ஒலி ஒப்புமை ஒன்றையே நம்பி அவ்வளவு தூரம் செல்ல வேண்டாம்.

பாகூருக்கு எழுத்துச் சான்று மிகுதி. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. 1749-இல் சந்தா சாகிப் வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். நிலம் யாருடையது என்பதே இத்தகைய ஆவணங்களின் கவலை. களையெடுக்கும் பெண் மடியில் கட்டி வந்த கீரைக்கு அங்கே இடம் ஏது? அவ்வரலாறு கைப்பழக்கமாக மட்டுமே வந்தது.

கைப்பழக்கம் அற்றுப்போனால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சான்று உண்டு. நம் ஆரையின் நெருங்கிய உறவினமான 'நார்டு'வின் வித்துறைகளை அரைத்து அங்குள்ள பழங்குடியினர் உண்டனர். 1861-இல் கூப்பர் ஓடைக் கரையில் உணவற்றுத் தவித்த பர்க், வில்ஸ் என்னும் ஆய்வுப்பயணியர் அதையே வயிறார உண்டும் மெலிந்து மாண்டனர். உடன் சென்ற கிங், யாண்ட்ருவாந்தா மக்களோடு தங்கி உயிர் பிழைத்தார். நார்டுவில் உயிர்ச்சத்து பி1-ஐச் சிதைக்கும் நொதி உள்ளது. பழங்குடியினரின் பக்குவமுறையைப் பின்பற்றாததே அவர்களை மாய்த்தது என 1994-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வாதிட்டது. அந்நொதி வெப்பத்தில் அழியக்கூடியது. ஆரையை ஆய்ந்து, அலசி, வேகவைத்துப் பருப்போடு கடையும் நம் அடுக்களை வழக்கத்தை இந்த ஒளியில் பார்க்க வேண்டும்.

இன்று ஆரைக்கு இரண்டு முகவரிகள். சித்த மருத்துவத்தில் அது மிகுசிறுநீரையும் நீர்வேட்கையையும் தணிக்கும் கீரை. வேளாண் கையேட்டில் நெல்லின் அகன்ற இலைக் களை. இரண்டாவது முகவரிக்குத்தான் களைக்கொல்லி செல்கிறது. மருந்து தெளித்த வயலில் தப்பிப் பிழைத்த ஆரையையும் உண்ணலாகாது. ஆகவே செடி முற்றும் அழியுமுன்னரே அதைப் பறிக்கும் கை நின்றுவிடுகிறது.

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து வாசகர்கள் தங்கள் வீட்டு ஆயாவிடம் ஆரையை எப்படி ஆய்வது, எவ்வளவு நேரம் வேகவிடுவது என்று கேட்டு எழுதினால், நாம் அதை ஊர்ப்பெயரோடு பதிந்து வைப்போம்.