சம்பள விட்டுக்கொடுப்பு மின்கார்க் குத்தகையும் யாழ்ப்பாணக் குடாநாடும்

சம்பள விட்டுக்கொடுப்புக் குத்தகை என்பது, வரி கழிக்கப்படும் முன்னரே ஊழியர் தம் மொத்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தொழில்வழங்குநர் குத்தகைக்கு எடுத்த காரைப் பாவிக்கும் ஏற்பாடு ஆகும். பிரித்தானியாவில் மாதச் சம்பளக்காரர் மின்கார் எடுப்பதற்குப் பரவலான வழி இது. அவுஸ்திரேலியாவில் இதற்கு ‘நொவேற்றட் லீஸ்’ என்று பெயர். இலங்கையின் வருமான வரிச் சட்டத்தில் மின்காருக்கென இத்தகைய தனிச் சலுகை இல்லை. ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த முறை, வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினரின் பேச்சு வழியாகவே அறியப்படுகிறது. லண்டனில் இருக்கும் மகள் “வேலையால கார் எடுத்திருக்கிறம்” என்று சொல்ல, ஊரில் இருக்கும் தகப்பன் அதை லீசிங் என்றே விளங்கிக்கொள்வார். பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் இரண்டு. இக்கட்டுரை அந்த வேறுபாட்டையும், அந்த முறை குடாநாட்டுக்குப் பொருந்தும் இடத்தையும் பொருந்தாத இடத்தையும் விளக்குகிறது.

லீசிங், இரண்டு பொருளில்

இலங்கையில் லீசிங் 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் நடப்பது. வாகனத்தின் சி.ஆர். புத்தகத்தில் நிதி நிறுவனம் முழு உரிமையாளராகவும், வாகனத்தை எடுத்தவர் பதிவு உரிமையாளராகவும் எழுதப்படுவர். முற்பணம் கட்டி, மாதாமாதம் கட்டுக்காசு செலுத்தி முடித்தால் நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டு வாகனம் எடுத்தவருக்கே சொந்தமாகும். கட்டத் தவறினால் வாகனம் பறிபோகும். 2009 இல் போர் முடிந்து ஏ9 வீதி தடையின்றித் திறந்தபின் யாழ்ப்பாண நகரில் நிதி நிறுவனங்களின் கிளைகள் வரிசையாக எழுந்தன. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் எனப் பலரும் அங்கேதான் எடுத்தனர். பறிமுதலைக் குறிக்கும் ‘சீஸ் பண்ணுறது’ என்ற சொல் அதனுடனேயே ஊருக்குள் வந்தது. அந்தச் சொல்லுக்கு ஊரில் இருக்கும் பயம் நியாயமானது. கட்டுக்காசு பிந்திய ஓட்டோவோடு ஒரு குடும்பத்தின் உழைப்பும் போய்விடுகிறது.

பிரித்தானிய முறையில் கார் ஒருபோதும் ஊழியருக்குச் சொந்தமாவதில்லை. மூன்று அல்லது நான்கு ஆண்டு முடிந்ததும் அது குத்தகை நிறுவனத்துக்கே திரும்பிப்போகும். காப்புறுதி, பராமரிப்பு, டயர் எல்லாம் பெரும்பாலும் அந்த மாதத் தொகைக்குள் அடங்கிவிடும். ஒப்பந்தம் குத்தகை நிறுவனத்துக்கும் தொழில்வழங்குநருக்கும் இடையிலானது. வேலையை விட்டால் கார் போகும். இடையில் நிறுத்தியதற்கான கட்டணமும் வரலாம். சொத்துச் சேர்க்கும் வழியாக லீசிங்கைப் பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்தவருக்கு, நான்கு ஆண்டு காசு கட்டிய பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது என்பது ஏற்கக் கடினமான சங்கதி.

பிரித்தானியாவில் இலாபம் எங்கிருந்து வருகிறது

இந்த முறையில் காரின் விலை குறைவதில்லை. வரியில் உள்ள இடைவெளியே முழு இலாபமும். 2017 ஏப்ரலில் பிரித்தானிய அரசு பெரும்பாலான சம்பள விட்டுக்கொடுப்புகளின் வரி நன்மையை நீக்கியது. அப்போது கார்களில், கரியமிலவாயு மிகக் குறைவாக வெளியேற்றுபவற்றுக்கு மட்டும் விலக்கு வைத்தது. தொழில்வழங்குநர் தரும் காருக்கு, அதன் பட்டியல் விலையில் ஒரு விகிதத்தை வருமானமாகக் கொண்டு வரி விதிப்பது அங்குள்ள வழக்கம். முழு மின்காருக்கு அந்த விகிதம் 2020–21 இல் 0%, அடுத்த ஆண்டு 1%, 2022 முதல் 2025 வரை 2%, 2025–26 இல் 3%. இது ஆண்டுதோறும் ஏறி 2029–30 இல் 9% ஆகும். புகை அதிகம் விடும் பெற்றோல் கார்களுக்கு இது 37% வரை போகிறது.

40,000 பவுண் விலையுள்ள ஒரு மின்காரை எடுத்துக்கொள்வோம். 2025–26 இல் அதில் 3%, அதாவது 1,200 பவுண் மட்டுமே வருமானமாகக் கணக்கிடப்படும். 40% வரி கட்டுபவருக்கு அதற்கான வரி ஆண்டுக்கு 480 பவுண். அவர் மாதம் 500 பவுண் சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் அந்தத் தொகைக்குரிய 40% வரியும் 2% தேசிய காப்புறுதியும் மிஞ்சும். மாதத்துக்கு 210 பவுண். 20% வரி கட்டுபவருக்கு 8% தேசிய காப்புறுதியையும் சேர்த்து 140 பவுண்தான். கூடிய சம்பளக்காரருக்கே கூடிய நன்மை என்பது இம்முறையின் அடிப்படைக் குறை. விட்டுக்கொடுத்த பின் சம்பளம் சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக்கூடாது என்ற விதியும் உண்டு. ஆகவே கடைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் மணிக்கூலிக்கு வேலை செய்யும் தமிழருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. ஹரோவிலும் டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று எடுக்க, மற்றது எடுக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

2028 ஏப்ரல் முதல் மின்கார் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் 3 பென்ஸ் வரி அறவிடப்படும் எனப் பிரித்தானிய அரசு 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. அவுஸ்திரேலியாவில், குறித்த விலை எல்லைக்குள் அடங்கும் மின்கார்களுக்கு 2022 ஜூலை 1 முதல் ஊழியர் நலன் வரி விலக்கப்பட்டுள்ளது.

இலங்கைச் சட்டத்தில் வைத்துப் பார்த்தால்

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம், வேலையால் கிடைக்கும் பணமல்லாத நன்மையையும் ஊழியரின் வருமானத்துக்குள் சேர்க்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரியில்லை. அதற்கு மேல் 6% இல் தொடங்கி 36% வரை செல்கிறது. மாதம் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழ் உழைப்பவருக்கு, சம்பளத்தை விட்டுக்கொடுத்து மிச்சம்பிடிக்க வரியே கிடையாது.

இதைவிடப் பாரதூரமான விடயம் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதத்தையும் தொழில்வழங்குநர் 12 சதவீதத்தையும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்வழங்குநர் மேலும் 3% கட்டுகிறார். ஒருவர் மாதம் 1,00,000 ரூபாய் சம்பளத்தைக் காருக்காகக் குறைத்துக்கொண்டால், தொழில்வழங்குநர் கட்டவேண்டிய 15,000 ரூபாய் மாதாமாதம் இல்லாமற் போகும். ஐந்து ஆண்டில் அது வட்டியில்லாமலே 9 இலட்சம். பணிக்கொடையும் பாதிக்கப்படும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் பணிக்கொடையைக் கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்து, சேவை ஆண்டு ஒன்றுக்கு அரை மாதச் சம்பளமாகக் கணக்கிடுகிறது. 20 ஆண்டு வேலை செய்தவர், சம்பளம் ஒரு இலட்சம் குறைந்திருக்கும் நிலையில் விலகினால் 10 இலட்சத்தை இழப்பார். பிரித்தானிய முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கவேண்டும். தனியார் துறையில் ஓய்வூதியம் இல்லாத ஊழியருக்கு இந்த இரண்டுமே முதுமைக்கான ஆதாரம்.

பேர்மிட்

சம்பளத்துக்குப் பதிலாக வாகனத்தில் நன்மை கொடுக்கும் வழக்கம் இலங்கைக்குப் புதிதல்ல. மருத்துவர், பல்கலைக்கழக ஆசிரியர், உயர் அரச உத்தியோகத்தர் ஆகியோருக்குக் குறைந்த தீர்வையில் கார் இறக்குமதி செய்யும் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டு வந்தது. பேச்சு வழக்கில் அது ‘பேர்மிட்’. கார் வாங்க வசதியில்லாத பலர் அதை வேறொருவருக்குக் கைமாற்றிப் பணமாக்கினர். அரசு கொடுத்த சலுகை சம்பளத்தின் ஒரு பங்காகவே புழங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2015 இல் மின்காருக்கு வரி மிகக் குறைவாக இருந்தபோது, ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்தன. அவ்வாண்டு நவம்பரில் வரி உயர்த்தப்பட்டதும் அந்த வேகம் அடங்கியது. லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெப்பமான நாட்டில் அது சீக்கிரம் கொள்ளளவு இழக்கும் என்பதை வாங்கியவர்கள் பிறகே கண்டனர். அந்தக் கசப்பு இன்றும் மின்கார் பற்றிய பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னர் வந்த மின்கார்கள் பலவற்றின் பற்றரிகள் திரவத்தால் குளிரூட்டப்படுபவை.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் அதற்கு ஒரு விலக்கு வந்தது. வெளிநாட்டில் வேலை செய்வோர் வங்கி வழியாக அனுப்பிய பணத்தில் பாதி அளவுக்குப் பெறுமதியான மின்வாகனத்தை இறக்குமதி செய்யலாம் என்பதே அது. உழைப்பை மின்காரோடு நேரடியாகக் கட்டிய இலங்கைத் திட்டம் என்றால் இதைத்தான் சொல்லவேண்டும். ஆனால் சம்பந்தமில்லாதோர் இதைப் பயன்படுத்தினர் என்ற முறைப்பாடுகள் எழுந்து விசாரணைகளும் நடந்தன. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. அதே ஆண்டு ஜூலையில் மத்திய வங்கி, காருக்கு லீசிங் நிறுவனம் கொடுக்கக்கூடிய தொகையை அதன் பெறுமதியில் 60% ஆக வரையறுத்தது. ஆகவே அப்போது 40% கையில் இருந்து வரவேண்டியிருந்தது. வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ இருக்கும் வீட்டுக்கு அந்தக் காசு அங்கிருந்து வரலாம். அப்படி ஒருவரும் இல்லாத ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் அது எட்டாத தொகை.

நிலமும் மின்சாரமும்

மின்காருக்குக் குடாநாட்டைப் போலப் பொருத்தமான நிலம் இலங்கையில் வேறு இல்லை என்று துணிந்து சொல்லலாம். குடாநாடு சுண்ணாம்புக்கல் மேடை. மலையும் மேட்டு ஏற்றமும் இல்லை. யாழ்ப்பாண நகரில் இருந்து பருத்தித்துறை ஏறத்தாழ 33 கிலோமீற்றர். 100 கிலோமீற்றருக்கு 15 அலகு மின்சாரம் எடுக்கும் கார் போய்வர 10 அலகு போதும். கொழும்புப் பயணம்தான் சிக்கல். ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு வழியில் எங்காவது சார்ஜ் ஏற்றியே ஆகவேண்டும்.

எரிபொருள் இல்லாமல் வாழ்வது எப்படி என்பதை இந்த ஊர் நன்றாக அறியும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி இரண்டுமே தடைப்பொருட்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டனர். ஆண்டுக்கணக்காகத் தேசிய மின்சாரம் இல்லை. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று பங்கிட்டபோது, வரிசையில் நின்ற முதியவர்களுக்கு அது புதிய அனுபவம் அல்ல.

மின்சாரமும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. சுன்னாகத்தில் டீசல் மின் உற்பத்தியால் சுற்றுவட்டாரக் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட்டது. பெரிதும் கிணற்று நீரையே நம்பியிருக்கும் நிலத்தில், ‘புகையில்லாத கார்’ என்று சொல்பவர் அதற்கான மின்சாரம் பிறக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். நல்ல பக்கமும் உண்டு. பளையில் 2014 முதல் தலா 10 மெகாவாற்று வலுவுள்ள இரண்டு காற்றாலைப் பண்ணைகள் இயங்குகின்றன. 2016 இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தோடு கூரைச் சோலரும் பெருகியது.

வீட்டில் சார்ஜ் ஏற்றுவதில் ஒரு தடை, மின் இணைப்பின் அளவு. வழக்கமான ஒற்றைக்கட்ட வீட்டு இணைப்பு 30 அம்பியர். 230 வோல்ற்றில் அது 6.9 கிலோவாற்று. காருக்கு வழக்கமாகப் பொருத்தப்படும் 7 கிலோவாற்று சார்ஜர் ஒன்றே அதை முழுதாக விழுங்கிவிடும். கிணற்று மோட்டாரையும் அதே நேரம் போட முடியாது. முக்கட்ட இணைப்பு எடுக்கலாம், அல்லது 10 அம்பியரில் மெதுவாக ஏற்றலாம். பழைய கல்வீடுகளில் உள்ள வட்டமுனைச் சொக்கெற்றையும் வயரிங்கையும் மின்னியலாளர் ஒருவர் பார்க்காமல் மணிக்கணக்கில் காருக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. நேரவாரிக் கட்டணம் எடுத்தவர்களுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு; மாலை 6.30 முதல் 10.30 வரை விலை அதிகம்.

ஆனால் நாட்டின் மின்வலையமைப்பில் இப்போது மிஞ்சுவது இரவு மின்சாரம் அன்று, நண்பகல் வெயில். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, மின் தேவை குறைந்ததால் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. அந்த நேரத்தில் வேலை செய்பவரின் கார் எங்கே நிற்கிறது? வைத்தியசாலையிலோ, வளாகத்திலோ, கச்சேரியிலோ, வங்கியிலோ. ஆகவே குடாநாட்டில் தொழில்வழங்குநர் செய்யக்கூடிய பெரிய உதவி சம்பளத்தில் கைவைக்காத ஒன்று: தரிப்பிடத்தில் ஒரு கூரை, கூரையில் சோலர், தூணுக்குத் தூண் 10 அம்பியர் சொக்கெற். 5 கிலோவாற்று சோலர் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 20 அலகு தரும். காலை 9 மணிக்குச் செருகி மாலை 3 மணிக்குக் கழற்றினால் ஒரு கார் 13 அலகு ஏற்றியிருக்கும். பருத்தித்துறைக்குப் போய், மறுநாள் காலை திரும்பி வர அது போதும்.