கொட்டிலில் இழந்த பொன்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் சங்கத்தார் கேட்டபோது, அரண்மனையை விட்டுக் குதிரைக் கொட்டிலைப் பற்றி எழுதலாம் எனத் துணிந்தோம். காரணம் போகப்போக விளங்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமிரபரணியின் கழிமுகத்தை அடுத்த காயல் துறையில், ஓர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வந்த மரக்கலங்கள் குதிரைகளை இறக்கின. 1292ஆம் ஆண்டையொட்டி இக்கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஒரு குதிரையின் விலை நூறு மார்க்கு வெள்ளிக்கும் மேற்பட்டது என்கிறார். அவருக்குச் சற்றுப் பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், கிஷ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்ததாகவும், ஒன்றின் விலை 220 பொன் தினார் எனவும், கடலில் மாண்ட குதிரைக்கும் பாண்டியனின் கருவூலமே விலை கொடுத்தது எனவும் குறிக்கிறார்.

இத்துணைப் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னாயின? மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்திற்கு மேல் வாங்கினும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது மார்க்கோ போலோவின் கூற்று. பயணிகள் எண்ணிக்கையைப் பெருக்கிக் கூறுவது உண்டு. எனினும் அவர் காட்டும் காரணம் கருதத்தக்கது. குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுக்கின்றனர். உயர்ந்த சாதிக் குதிரைகளை இணைத்தாலும் கோணற் காலோடுதான் குட்டி பிறக்கிறது என்கிறார். வாசாப்போ வறுத்த வாற்கோதுமையையும் வெண்ணெய் சேர்த்த தானியத்தையும் காய்ச்சிய பசும்பாலையும் சொல்கிறார். நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிக் கொழுக்க வைத்து, பின்னர்ப் பழக்காமலேயே ஏறி விரட்டினராம். வலிய குதிரையும் சில நாளில் சோர்ந்து பயனற்றுப் போயிற்றாம்.

தட்பவெப்பமே காரணம் என்று பலர் எழுதிவிட்டனர். யாம் அதனை முழுதும் ஏற்கவில்லை. குதிரை நாளெல்லாம் சிறிது சிறிதாகப் புல் மேயும் விலங்கு. அதன் இரைப்பை உடலளவை நோக்க மிகச் சிறியது. உண்டதை வாந்தி எடுக்கவும் அதற்கு இயலாது. கொழுத்த உணவை ஒரே வேளையில் திணித்து, நடக்கவிடாமல் கட்டிவைத்தால் வயிற்று வலி கண்டு மடியும். அன்றிக் குளம்பினுள் அழற்சி ஏற்பட்டு நொண்டும். அரிசியிலும் தவிட்டிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. புல் போதாமல் இவற்றையே உண்டால் எலும்பு வலுவிழக்கும் என இன்றைய கால்நடை மருத்துவம் கூறுகிறது. கோணற் காலுக்கு மண்ணைப் பழிப்பதினும் தொட்டியை நோக்குவதே பொருந்தும்.

இந்நாட்டில் அறிவு இல்லாமலா போயிற்று? கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைக் கண்காணிப்பாளருக்கென ஓர் அத்தியாயமே உள்ளது. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் நீளத்திற்கு ஏற்ற சதுர அறை, பலகை பாவிய தளம், தனித் தீனித்தொட்டி, சிறுநீரும் சாணமும் வெளியேற வழி, குட்டிகளுக்குத் தனியிடம் என அது வகுக்கிறது. ஈன்ற குதிரைக்கு முதல் மூன்று நாள் நெய்; பத்து நாள் ஆன குட்டிக்கு நெய் கலந்த மாவும், ஆறு திங்கள் வரை பாலும்; நான்கைந்து வயதான பின்னரே வேலை. புல் கொணர்பவர், தீனி சமைப்பவர், மயிர் திருத்துபவர் எனப் பணியாளரும் அதில் உளர். கடமை தவறினால் அன்றைய கூலி பிடிக்கப்படும் என்பதையும் மறவாமல் எழுதியுள்ளனர்! ஏடு ஓரிடத்தில் இருந்தது. கொட்டிலில் நின்றவனோ எழுத்தறியாதவன். இது எம் கருத்து.

வணிகர் செய்தது இன்னும் கொடிது. லாடம் அடிப்பவரும் நோய் பார்ப்பவருமான குதிரை மருத்துவரை அவர்கள் தம்மோடு அழைத்து வரவில்லை. பிறர் வருவதையும் தடுத்தனர். குதிரை பிழைத்தால் மறு ஆண்டு விற்பனை குறையும் அன்றோ? அறிவைத் தடுத்துப் பொருளீட்டும் வழியை மார்க்கோ போலோ வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். இளைஞர்கள் அப்பகுதியை ஒருமுறை படிக்கவேண்டும்.

விசயநகர காலத்தில் நிலை மாறியது. போர்த்துக்கீசியரான நூனிசு, அரசனுக்குக் குதிரை பேணுவோர் 1,600 பேரும் பழக்குவோர் 300 பேரும் இருந்ததாகக் குறிக்கிறார். எண்ணிக்கை உண்டு; பெயர் ஒன்றும் இல்லை.

ஆங்கிலேயர் காலத்துச் சென்னை இராசதானியில் குதிரைக்காரராகவும் புல்லறுப்போராகவும் உழைத்தவர்களுள் நம் மக்கள் பலர். 1830களில் சென்னையில் வாழ்ந்த ஜூலியா மெயிட்லண்ட் என்ற ஆங்கில மாது, குதிரை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணும், புல்லறுக்க ஒரு பெண்ணும் இருந்ததைத் தம் கடிதத்தில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அந்தப் பெண் நாள்தோறும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புல்லைச் செதுக்கி, மண் உதறி, தலையில் சுமந்து வந்தாள். அது வேடிக்கையன்று. 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றும் முன்பே பல தலைமுறைகளாக இவர்கள் குதிரை பேணி வந்தனர்.

எம் பாட்டனார் ஜட்கா வண்டிக்காரர். வண்டியை அவிழ்த்ததும் வியர்வை அடங்கும்வரை குதிரையை நடத்துவார். பிறகே சிறிது சிறிதாகத் தண்ணீர் காட்டுவார். நான்கு குளம்புகளையும் தூக்கிக் கல் எடுத்த பின்னரே தாம் சோற்றில் கை வைப்பார். இரவில் ஈரமான வைக்கோலை மாற்றாமல் படுக்கமாட்டார். குதிரை ஈன்றால், குட்டி ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கவேண்டும் என்பார். சீம்பால் குடிக்கும்வரை எவரையும் அருகில் விடமாட்டார். தாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் கருவிலிருக்கும் குட்டிக்குச் சேர்வதில்லை, முதல் சில மணி நேரச் சீம்பால் வழியாகவே சேர்கிறது என்பதெல்லாம் அவர் படித்ததில்லை. அவர் கைநாட்டு வைத்தவர். பின்னாளில் கால்நடை மருத்துவ நூல் ஒன்றில் அதே ஒரு மணிக் கணக்கைக் கண்டபோது, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் யாம் அவர் பெயரை எழுதி வைத்தோம்.