ரெண்டு கதவு வண்டி

1990 பிப்ரவரியில் நான் வாங்கிய முதல் காருக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. 1964 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ரெண்டு கதவு வண்டி. விலை 14,000 ரூபாய். அந்தப் பணத்தில் மீன்சுருட்டியில் எங்கள் கொல்லையில் போர் போடுவதாகப் பேச்சு. ஜெயங்கொண்டத்தில் வங்கி குமாஸ்தாவாக இருந்து நான் சேர்த்தது என்பதால் அப்பா தடுக்கவில்லை. வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏன்டா தம்பி, ரெண்டு கதவ வச்சிக்கிட்டு இதுல எத்தினி பேரு ஏறுறது?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்திய மோட்டார் வரலாற்றைப் பிற்பாடு படித்தபோதுதான், அப்பா கேட்டது நாடே கேட்ட கேள்வி என்று தெரிந்தது.

நான் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் நினைத்து வாங்கினேன். சென்னையில் கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர்களோடு சோழவரம் போவேன். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. அங்கே ஆண்டுதோறும் கார் பந்தயம் நடக்கும். வெயிலில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றபடி, ஃபியட்டுகளுக்கு நடுவே ஒரு ஹெரால்ட் திரும்பிப் போனதைப் பார்த்தேன். அதோடு பிடித்துக்கொண்டது.

எங்கள் தலைமுறைக்கு அசல் ஸ்போர்ட்ஸ் கார் கண்ணிலேயே படாத பொருள். 1950களின் தொடக்கத்தில், இங்கேயே உதிரிபாகம் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்கக்கூடாது என்று அரசு முடிவெடுத்தது. 1954க்குள் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. அதற்குப் பிறகு முப்பது வருஷம், கார் என்றால் கல்கத்தாப் பக்கத்து அம்பாசிடர், பம்பாய் ஃபியட், சென்னை ஸ்டாண்டர்ட். மூன்றே பேர். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்களுக்குப் பழைய வண்டிதான்.

மூன்றில் ஸ்டாண்டர்ட் நம்மூர்க்காரன். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் இங்கே தயாரித்தார்கள். உருவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இந்த ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அது பிரான்சில் லெ மான் பந்தயம் வரைக்கும் ஓடியது. என் 948 சிசி எஞ்சினுக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் உறவுமுறை உண்மை.

வாங்கிய அன்றே ஊருக்கு ஓட்டிவந்தேன். தாம்பரம் தாண்டினால் வண்டலூர். கம்பெனி 1988இல் மூடிவிட்டது. ரோவர் காரின் உடம்புக்குள் பழைய வேன்கார்ட் எஞ்சினை வைத்து 1985இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000 எடுபடவில்லை. எதிரே மாருதி வந்துவிட்டது. பூட்டிய கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். டீக்கடையில் இருந்த ஒருவர் எழுந்து வந்து, எதுவும் கேட்காமல் பானெட்டின் இரண்டு பக்கக் கொக்கியையும் தட்டிவிட்டார். ஹெரால்டில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாக எழும். உள்ளே எட்டிப் பார்த்து, “வயர மாத்திடுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அங்கே வேலை பார்த்தவரா என்று கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது உறுத்தும்.

திண்டிவனம், பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு. இரண்டு இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, இருட்டிய பிறகு வீடு சேர்ந்தேன்.

பழைய வண்டி வாங்கியவனுக்கு முதல் வருஷம் முழுக்கப் பாடம்தான். பெயர் மாற்றம், டிங்கரிங், கிளட்ச் என்று மாதம் ஒன்று. கம்பெனியே இல்லாத வண்டிக்குப் பாகம் தேடிப் புதுப்பேட்டைக்கு அலைந்தேன். பின்பக்கம் குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை; இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் கோழி காலை மடக்குகிற மாதிரி சக்கரம் உள்ளே மடங்கும். வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டாலும் அதே ஆபத்து. அணைக்கரைக்கு முந்திய வளைவில் ஒருமுறை பின்பக்கம் விலகி, அரைச் சாலை அளவு போய் நின்றேன். நம் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பிடிக்கவில்லை. அதனால் 1972இல் வந்த கெஸலில் சாதாரண ஆக்சிலுக்கு மாறினார்கள்.

கதவுக்கு வருவோம். ரெண்டு கதவு போதாது என்று இந்தியர்கள் சொல்ல, 1960களின் கடைசியில் ஸ்டாண்டர்ட் நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. அது உலகத்தில் வேறெங்கும் தயாராகவில்லை. பெங்களூரில் சிபானி செய்த ரெண்டு கதவு டால்ஃபினுக்கும் அதே கதைதான். கதவு கூட்டி மொன்டானா என்று விற்றார்கள். முன்சீட்டை மடக்கி உள்ளே நுழைவது ஒருவனுக்கு விளையாட்டு, புடவை கட்டிய பாட்டிக்குத் தண்டனை. கார் இங்கே குடும்பத்துக்கான பொருள். ஸ்போர்ட்ஸ் கார் தனி ஒருவனின் ஆசை. அந்த ஆசைக்கு லைசென்ஸ் ராஜ்யத்திலும் இடமில்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. அத்தை மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனபோது காரில் நானும் தம்பியும். அப்பா, அம்மா, பாட்டி பஸ்ஸில்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. போர் இருந்திருந்தால் கடலை தப்பியிருக்கும். அப்பா அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது. சேஸி தனி என்பதால் கழற்றினாலும் வண்டி தாங்கும். அடுத்த பங்குனியில் தம்பியும் நானும் கழற்றி வைக்கோல் போருக்குப் பக்கத்தில் சாய்த்தோம். சாயங்காலம் அப்பா கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். மேலே கூரை இல்லாததால் கதவைத் திறக்காமலே காலைத் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். கங்கைகொண்ட சோழபுரம் வரை போய்க் கோயில் மதிலோரம் திரும்பினோம். 25 அடிக்குள் முழுச் சுற்று சுற்றிவிடும் வண்டி. ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பியதைப் பார்த்து, “மாட்டு வண்டி கூட இப்படித் திரும்பாது” என்றார். வேறு பேச்சில்லை. வீட்டுக்கு வந்து இறங்கும்போது மட்டும், “காத்து நல்லா வருது” என்றார்.

மறுபடி அவர் அதில் ஏறவில்லை. போர் 1992இல் போட்டோம். நடுவில் போன இரண்டு வெள்ளாமைக்கும் அந்த ஒரு சாயங்காலத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நேராகவில்லை. வண்டி இன்னும் கொட்டகையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டார்ட் பண்ணுவேன்.