தர்மபுரி மாவட்டத்தில் அயல்மொழி கற்றலும் அதன் சறுக்கல்களும்

தாய்மொழியின் ஒலியையும் சொல்லையும் தொடரமைப்பையும் புதிய மொழியின் மேல் ஏற்றிப் பேசும்போது சில பிழைகள் திரும்பத் திரும்ப வரும். மொழியியலாளர் இதைத் தாய்மொழிக் குறுக்கீடு என்பர். தமிழ்நாட்டில் இதைக் கண்ணெதிரே காண ஏற்ற இடம் தர்மபுரி மாவட்டம். மேற்கே கர்நாடகம் ஒட்டி நிற்கிறது. தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்களும் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் வண்டி ஓட்டவும் போகிறவர்கள் கன்னடத்தைப் பள்ளியில் படிப்பதில்லை, காதால் பிடிக்கிறார்கள்.

மொழி தெரியாமல் இந்த வட்டாரத்தை ஆள முடியாது என்பதை ஆங்கிலேயர் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தர்மபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்நாட்டு மொழிகளில் அறிவு போதவில்லை என்று கண்ட கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார். ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றிருந்த அவர், 1799 வரை தர்மபுரியை இருப்பிடமாகக் கொண்டு வரிப் பணியைப் பார்த்தார். கம்பெனி அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்கச் சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி முன்னின்று நிறுவிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812இல்தான் வந்தது.

இன்று மொழி கற்பவர்களுக்குப் பாடநூல்கள் தூரத்து மொழிதான் கடினம் என்ற எண்ணத்தை ஊட்டுகின்றன. தர்மபுரியின் அனுபவம் வேறு. இங்கே ஆளை அதிகம் ஏமாற்றுவது பக்கத்து மொழி.

ஒகேனக்கல் அருவியின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முதற்பகுதி தமிழில் புகை, கன்னடத்தில் ஹொகெ. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் காலப்போக்கில் ஹகரமாக மாறியது. அதனால் பத்து ‘ஹத்து’, பல் ‘ஹல்லு’, பாம்பு ‘ஹாவு’, பூ ‘ஹூவு’. அதேபோல வகரம் பகரமாகும். வா என்பது ‘பா’, வாயில் என்பது ‘பாகிலு’. இந்த இரண்டு வழிகளைப் பிடித்துக்கொண்ட தமிழர் சில வாரங்களிலேயே கடைக்குப் போய் வரும் அளவுக்குப் பேசிவிடுவார். ஆபத்து அதற்கு அப்புறம் தொடங்குகிறது. அதே வழியில் ‘பார்’ என்பதை ‘ஹாரு’ ஆக்கினால் ‘பற’ அல்லது ‘தாண்டு’ என்று பொருளாகிவிடும். பார்ப்பதற்குக் கன்னடச் சொல் ‘நோடு’. மாற்றாமல் விட்டாலும் சிக்கல்தான். பெங்களூர்க் கடையில் ‘பாலு’ கேட்டால் கன்னடத்தில் அது பங்கு என்று பொருள்படும். குடிக்கும் பால் ‘ஹாலு’. தெலுங்குக்காரரிடம் ‘பாலு’ என்றால் பாலே கிடைக்கும்.

ஒரே உருவில் வேறு பொருள் தரும் சொற்கள் இன்னும் வழுக்கும். தமிழிலும் கன்னடத்திலும் அவசரம் என்பது விரைவு. தெலுங்கில் அது தேவை, மலையாளத்தில் வாய்ப்பு. நான்கும் வடமொழியிலிருந்து வந்த ஒரே சொல்தான்.

எழுத்து இன்னொரு பொறி. தமிழில் ககரம் ஒன்றே; கன்னடத்தில் அதற்கு நான்கு எழுத்து. ‘முப்பது நாளில் கன்னடம்’ வகை நூல்கள் கன்னடச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது காற்றும் காளி தெய்வமும் ஒரே ‘காளி’ ஆகிவிடுகின்றன. காற்றைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தைக் ‘கங்கை’யின் முதலெழுத்துப் போல ஒலிக்க வேண்டும் என்று படிப்பவருக்கு யார் சொல்வது? ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கும் மாணவருக்கும் இதே கதிதான். பின் என்று எழுதிவைத்தால் அது குண்டூசியா, குப்பைத்தொட்டியா என்று தெரியாது.

மரியாதைப் பிழை சொற்பிழையைவிடக் காயப்படுத்தும். கட்டட வேலையிடத்தில் மொழி கற்பவர் காதில் விழுவதெல்லாம் ‘பா’, ‘ஹோகு’, ‘மாடு’ என்ற ஒருமை ஏவல்கள். அதையே வீட்டு உரிமையாளரிடமோ வயதான அம்மாவிடமோ சொன்னால், தமிழில் ‘வா, போ’ என்றது போலத்தான் விழும். ‘பன்னி’, ‘ஹோகி’ என்ற பன்மை வடிவங்களை முதல் நாளிலேயே கற்றுவிட வேண்டும்.

எதிர்த்திசையிலும் இக்குறுக்கீடு நடக்கிறது. 2006இன் தமிழ் கற்றல் சட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழுக்கு வரும்போது ழகரமும் றகரமும் தடுக்கும். கன்னடம் அவ்விரண்டையும் இடைக்காலத்தில் இழந்துவிட்டது. ஏழு அங்கே ‘ஏளு’. நாம், நாங்கள் வேறுபாடும் இன்றைய கன்னடத்தில் இல்லை, இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றே. எதிரே நிற்பவரைச் சேர்த்துச் சொல்வதா, விலக்கிச் சொல்வதா என்ற யோசனையே அந்தப் பிள்ளைக்குப் புதிது. தெலுங்குப் பிள்ளைக்கு இத்தொல்லை இல்லை; மனமு, மேமு என்ற வேறுபாடு வீட்டிலேயே உண்டு.

ஆங்கிலம் உண்மையிலேயே தூரத்து மொழி. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதைக் கன்னடத்தில் ‘நனகெ ஹசிவாகிதெ’ என்று சொல்லுக்குச் சொல் வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் பசிக்கும் ஆளே எழுவாய், ‘ஐ ஆம் ஹங்க்ரி’ என்றாக வேண்டும். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். முழு வாக்கியத்தையும் தமிழில் அமைத்துவிட்டுப் பின்னிருந்து மொழிபெயர்க்கும் மாணவர் அதனால்தான் பாதியில் நிற்கிறார். ‘தி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இணையே இல்லை என்பதால் அது பட்டதாரிகள் பேச்சிலும் விட்டுப்போகிறது.

இப்பிழைகளைப் பற்றிய ஆய்வு 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வேகம் பெற்றது. யூரியல் வைன்ரைக் 1953இல் மொழிக் குறுக்கீட்டை விரிவாக விளக்கினார். இரு மொழிகளை ஒப்பிட்டாலே எங்கே இடறும் என்று முன்கூட்டிச் சொல்லலாம் என ராபர்ட் லாடோ 1957இல் வாதிட்டார். 1967இல் பிட் கார்டர் அதைத் திருப்பிப் போட்டார்: பிழை என்பது தண்டிக்க வேண்டிய குற்றமல்ல, கற்பவர் எந்த விதியை ஊகித்திருக்கிறார் என்பதற்கான சான்று. ‘ஹாரு’ என்று தவறாகச் சொன்னவர் ஓர் ஒலி விதியைத் தாமே கண்டுபிடித்தவர். வகுப்பில் அதைக் கேட்டுச் சிரிப்பது பெரிய அநீதி. வாயைத் திறக்கவே கூச்சப்படும் பிள்ளைக்கு எந்த மொழியும் வராது.

லாரி செலின்கர் 1972இல் விளக்கிய ‘உறைநிலை’தான் பெங்களூர்த் தொழிலாளிக்கு நெருக்கமானது. வேலை நடக்கும் அளவுக்குப் பேச்சு வந்ததும் கற்றல் நின்றுவிடுகிறது, பிழைகள் அப்படியே இறுகிவிடுகின்றன. இருபது ஆண்டு அங்கே இருந்தும் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமல் பேருந்தை எண்ணை வைத்து அடையாளம் காண்பவர்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு சுமார் 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே மிகக் குறைவு. தாய்மொழியில் எழுதப் படிக்க வாய்க்காதவரிடம் இரண்டாம் மொழியின் எழுத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர் கன்னட எழுத்தைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாகும் முறை இரண்டுக்கும் பொது. கர்நாடக அரசின் முதல் வகுப்புப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அதிலிருந்து தொடங்கட்டும்.