துணிச் சீட்டில் ஏறிய புராணம்

பண்டத்தை விற்பவருக்குக் கதை எதற்கு என்னும் வினாவுக்கு நம் நாட்டுத் துணி வாணிகத்தின் வரலாறு நல்ல விடை தருகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஆலைத்துணிகளில் வண்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. குழலூதும் கண்ணனையும், தாமரையில் வீற்றிருக்கும் திருமகளையும், இதிகாசக் காட்சிகளையும் அவற்றில் காணலாம். ஆங்கிலேய வணிகர் பக்தியால் இவ்வாறு செய்தாரல்லர். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே. நிறுவனத்தின் பெயரைப் படிக்க இயலாதவரும் கண்ணன் படத்தைக் கண்டு, முன்பு வாங்கிய துணியையே மீண்டும் கேட்டு வாங்க முடிந்தது. பாட்டி சொன்ன கதையே எழுத்தின் இடத்தில் நின்று வணிகக் குறியாயிற்று.

1894இல் ஓவியர் ரவி வர்மா பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவினார். ஜெர்மானியத் தொழில் வல்லுநர் துணையுடன் அங்குக் கல்லச்சில் உருவான தெய்வப் படங்கள் எளியோர் இல்லங்களையும் எட்டின. அப்படங்களும் அவற்றைப் பின்பற்றியவையும் நாட்காட்டிகளிலும் தீப்பெட்டிகளிலும் இடம்பெற்றன. விளம்பரத் தாள் குப்பைக்குப் போவது இயல்பு. தெய்வப் படம் தாங்கிய நாட்காட்டியோ ஆண்டு முடிந்த பின்னும் கண்ணாடிச் சட்டத்துள் அமர்ந்து பூசை பெற்றது.

இதில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியதொன்று உண்டு. 1905இல் சுதேசி இயக்கம் எழுந்து அந்நியத் துணியை விலக்குமாறு மக்களை அழைத்தது. அந்த அந்நியத் துணியின்மீது இருந்தவையும் நம் தெய்வங்களே. நம் நாட்டு ஆலைகளின் சீட்டுகளிலும் அவையே விளங்கின. படம் நம்பிக்கையை வளர்த்தது. ஆயினும் துணி எங்கே நெய்யப்பட்டது என்பதையோ, அதன் தரத்தையோ அது உரைக்கவில்லை.

அங்ஙனமாயின், அனைவர்க்கும் பொதுவான கதையை ஒரு வணிகர் தமக்கே உரியதாக்கிக் கொள்ளலாமா? ஊதுவத்திக்கு ‘இராமாயணம்’ என்னும் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்வது பற்றிய வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் விடை பகர்ந்தது. புனித நூலின் பெயரை மட்டும் எடுத்து எவரும் தனியுரிமை கோர இயலாது. வேறு சொல்லுடன் சேர்ந்து தனித்தன்மை பெறுமாயின் பதிவுக்கு இடமுண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கதையைக் கடைக்கு அழைத்து வர வணிகருக்கு உரிமை உண்டு. ஆனால் அக்கதையின்பால் மக்கள் வைத்த நம்பிக்கை அவர் ஈட்டியதன்று, இரவலாகப் பெற்றது. நல்ல சரக்கும் நேர்மையான அளவுமே அவ்விரவலுக்கு அவர் செலுத்தத்தக்க ஈடாகும்.