உயிர் பிழைத்தபின் வாழ்வு

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நோயை எதிர்த்து மனிதன் நடத்திய போரும் வரலாறே. காத்த உயிருக்கு நல்வாழ்வும் தேடித் தந்த ஓர் அத்தியாயத்தை இன்று கூற விழைகிறேன்.

இடுப்பெலும்புக் கூட்டினுள் புற்றுநோய் பரவிவிட்டால், சிறுநீர்ப்பையையும் அதனை அடுத்த உறுப்புகளையும் ஒருங்கே அகற்ற நேரிடுவதுண்டு. இப்பெரும் அறுவைச் சிகிச்சையை நியூயார்க்கில் செய்து, 1948ஆம் ஆண்டில் அதன் விவரத்தை வெளியிட்டவர் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக். அவர் குறித்த 22 நோயாளருள் ஐவர் அச்சிகிச்சையைத் தாங்காது மாண்டனர். பிழைத்தோர்க்கோ புதிய இடர். சிறுநீரும் மலமும் வயிற்றில் அமைத்த ஒரே வாயில் வழியே வெளியேறின. நாற்றமும் நனைவும் கூச்சம் தந்தன. சிறுநீரகங்களைக் கிருமிகள் தாக்கின.

1950இல் செயின்ட் லூயிஸ் நகரத்து யூஜின் பிரிக்கர் நல்வழி ஒன்றை வெளியிட்டார். சிறுகுடலில் ஏறத்தாழ ஒரு சாண் நீளத் துண்டைப் பிரித்து, எஞ்சிய குடலை மீண்டும் இணைத்தார். அத்துண்டின் ஒரு முனையை மூடி, சிறுநீரகங்களிலிருந்து வரும் இரு குழாய்களையும் அதில் பொருத்தினார். மறுமுனை வயிற்றின்மேல் செந்நிற மொட்டுப்போல் வெளிவந்தது; சிறுநீர் அதன்மேல் அணிந்த பையில் சேர்ந்தது. இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

ஆயினும், பையை மாற்றவும் தோலைக் காக்கவும் நோயாளிக்குக் கற்பிப்பவர் யார்? வயிற்றில் குடல்வாய் அமைக்கப்பெற்றுத் தேறிய நார்மா கில் என்னும் பெண்மணியை, கிளீவ்லாந்து நகரத்து மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் 1958இல் இப்பணிக்கென்றே அமர்த்தினார். 1961இல் இதற்கெனப் பயிற்சிப் பள்ளியும் தோன்றியது. ஆசிரியப் பயிற்சி பெற்றவனாகிய என் உள்ளத்தை ஈர்ப்பது இச்செய்தியே. பட்டவரே பாடம் சொல்லும் ஆசிரியரானார்!

நம் தமிழகத்தில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. சிகிச்சை பெற்றவர் ஊர் திரும்பியபின் நிலை என்ன? பை ஆடைக்குள் மறைந்திருக்கும். குளிக்கலாம், பயணம் செய்யலாம், விழாவுக்கும் செல்லலாம். ஆனால் நம் தூத்துக்குடி உப்பளத்து வெயிலில் வியர்வை பெருகினால் பையின் ஒட்டு இளகும். துறைமுகத்தில் பாரம் தூக்கினால் வாயினருகே குடல் பிதுங்கக்கூடும். ஆகவே இலகுவான வேலை, தூய கழிப்பிடம், தண்ணீர், மாற்றுப்பை வாங்கப் பணம் ஆகியவையும் அவர்க்கு மருந்தே.

1961ஆம் ஆண்டோடு நம் கரையில் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. கல்லின் துணையால் கடலடி சென்றவனின் மூச்சு, தோணியில் கயிறு பிடித்து நின்றவனின் கையில் இருந்தது. கயிறு அசைந்ததும் அவன் இழுத்தாக வேண்டும். புற்றுநோயிலிருந்து மீள்பவர்க்கு அக்கயிற்றைப் பிடிப்போர் வீட்டாரும் அண்டை அயலாருமே. உங்கள் இல்லத்தில் தாத்தாவோ அத்தையோ இப்பையுடன் வாழ்ந்தால், முகம் சுளியாது அருகே அமருங்கள்; உடன் உண்ணுங்கள். பையைக் குறித்து அவர் கூற விரும்பினால் பொறுமையுடன் கேளுங்கள்.