பஞ்சாலைப் பெண்களும் ஒரு சத்து மாத்திரையின் கதையும்

என் சித்தி அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறார். போன வருடம் ஷிப்டில் நின்றுகொண்டிருக்கும்போதே கண் இருட்டி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டுமாம். "நம்ம ஊர்ப் பொம்பளைக எல்லாருக்கும் ரத்தம் கம்மிதான, இதுக்குப் போயி லீவு போடுவாகளா" என்று அன்று சாயங்காலமே கிளம்பப் பார்த்தார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை! 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்குச் சோகை இருக்கிறது.

நான் படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் சித்திக்குக் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது இரும்புச் சத்தோடு 'ஃபோலிக் ஆசிட்' என்றும் போட்டிருந்தது. இரும்பு சரி, இது எதற்கு? தேடிப் போனால் கதை மறுபடியும் பஞ்சாலைப் பெண்களிடமே வந்து நின்றது.

முதலில் கொஞ்சம் பாடம். சோகை ஒரே நோய் அல்ல. இரும்புச் சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்துப் போகும். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், கொக்கிப்புழு, சத்தில்லாத சாப்பாடு இவையெல்லாம் காரணம். நம் பக்கம் அதிகம் இருப்பது இதுதான். இன்னொரு வகையில் அணுக்கள் நேர்மாறாக வீங்கிப் பெரிதாகிவிடும், எண்ணிக்கையோ குறைந்துவிடும். தலசீமியா, சிக்கிள் செல் போன்றவை பரம்பரையாக வருபவை, அவை தனிக் கதை. ஹீமோகுளோபின் அளவு மட்டும் பார்த்தால் எந்த வகை என்று தெரியாது. ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் அணுக்களின் அளவைப் பார்க்க வேண்டும்.

1920களில் பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு, முக்கியமாக ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கு, இந்தப் பெரிய அணுச் சோகை வந்து பலர் இறந்துகொண்டிருந்தார்கள். இதை ஆராய 1928இல் லண்டனிலிருந்து லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் வந்தார். அழைத்தவர் மார்கரெட் பால்ஃபோர் என்ற இன்னொரு பெண் மருத்துவர். வில்ஸ் முதலில் கிருமி ஏதாவது காரணமா என்று தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். எவ்வளவு ஏழ்மையான சாப்பாடோ அவ்வளவு மோசமான சோகை!

1929இல் ஆறேழு மாதம் நம் குன்னூருக்கும் வந்தார். குன்னூர் என்றால் நமக்கு டீத்தூளும் மலை ரயிலும்தான் ஞாபகம் வரும். அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் சத்துணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வில்ஸ் எலிகளுக்குச் சத்துக் குறைந்த சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். ஆனால் எலிகளின் சோகைக்குப் பேன் மூலம் பரவிய ஒரு தொற்றும் காரணம் என்று தெரிந்ததும் அத்தனை உழைப்பும் குழம்பிப் போனது. (நம் பிராக்டிகல் பரவாயில்லை!) அப்புறம் குரங்குகளுக்கு மாறினார்.

அந்தக் காலத்தில் 'பெர்னிஷியஸ் அனீமியா' என்ற வேறொரு பெரிய அணுச் சோகைக்கு ஈரல் மருந்து என்பது 1926லேயே தெரியும். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வில்ஸ் கவனித்தது வேறு. நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சாறு பம்பாய்ப் பெண்களுக்கு வேலை செய்யவில்லை. சுத்திகரிக்காத சாறு வேலை செய்தது. அதைவிட விலை குறைந்த 'மார்மைட்' என்ற ஈஸ்ட் சாறும் வேலை செய்தது! (இலங்கை நண்பர்களுக்கு மார்மைட் நன்றாகத் தெரியும்.) சில நாட்களிலேயே பசி திரும்பியது, புதுச் சிவப்பணுக்கள் வந்தன. அப்படியானால் ஈஸ்டில் இருப்பது சுத்திகரித்த ஈரல் சாற்றில் இருந்த மருந்தல்ல, வேறு ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றுக்கு 'வில்ஸ் ஃபேக்டர்' என்று பெயர் வைத்தார்கள். 1931 தொடக்கத்தில் அவர் சென்னையிலும் வேலை பார்த்தார், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். இப்போது அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

1941இல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலை வகைக் கீரையிலிருந்து இந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் ஃபோலிக் ஆசிட் என்ற பெயர். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது லெடர்லே கம்பெனியில் எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு. பீமவரத்துக்காரர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய சகோதரர்கள் இறந்தது 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோயில். அந்த நோயில் வரும் சோகைக்கும் இதே ஃபோலிக் ஆசிட்தான் மருந்து என்பது பின்னால் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

1970இல் இந்திய அரசு கர்ப்பிணிகளுக்கு இரும்பையும் ஃபோலிக் ஆசிட்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுக்க ஆரம்பித்தது. நம் ஊரில் நர்ஸம்மா கொடுக்கும் சத்து மாத்திரை அதன் வாரிசுதான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பி12 குறைவால் வந்த சோகைக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். அதனால்தான் எந்த வகை என்று பார்க்காமல் கடையில் டானிக் வாங்கிக் குடிக்கக் கூடாது.

சித்தியின் ஸ்லைடில் அணுக்கள் சிறுத்து வெளுத்திருந்தன. இரும்புக் குறைவுதான். பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். அது இரும்பால் வருவது, பயப்பட வேண்டாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லவில்லை: டீயோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. மில்லில் கிடைக்கும் பத்து நிமிட இடைவேளையில் டீயோடுதான் இவர் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். இப்போது ராத்திரி படுக்கப் போகும்போது போடுகிறார். கடைசியாகப் பார்த்தபோது 10.2.